இரத்தம் கொடுத்தவன்

...அப்படியென்றால் போன ஆண்டு முகாமுக்குப் பிறகுதான், இல்லை, ஒருவேளை அதற்குச் சற்று முன்பாகவே கூட, ஆலோசகர் அம்மா அதைத்தானே சொன்னார், எச்.ஐ.வி. கிருமி புதிதாக நுழைந்திருந்தால் எந்தப் பரிசோதனைக்கும் சில காலம் தட்டுப்படாது என்று... அப்போது கொடுத்த இரத்தம் யாருக்கு ஏறியது? மருத்துவமனைப் படிக்கட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே லிஃப்ட் கதவு முனகிக்கொண்டு மூடியது, கீழ் உருளை தேய்ந்திருக்கிறது, லிஃப்ட் மெக்கானிக்கின் காது இந்த நிலையிலும் வேலையை விடவில்லை, என்ன மனம் இது... கம்பெனியின் இரத்ததான முகாமில் ஆண்டுதோறும் முதல் ஆளாகக் கை நீட்டுவான், "உனக்கு உடம்புல ரத்தமா, குழாய்த் தண்ணியாடா?" என்று ஃபோர்மேன் கேலி செய்வார், அவனுக்கு அது தானமல்ல, எவரும் எதுவும் கேட்காத பரிசோதனை என்பது யாருக்குத் தெரியும்? கோளாறு இருந்தால் கூப்பிடுவார்கள், கூப்பிடவில்லை, ஆகவே சுத்தம். அந்த மௌனத்தையே நற்சான்றாகக் கொண்டு கண்ணாடிக் கடைக்காரனின் மாடியறைக்குப் போய்வந்தான், ஆணுறை எதற்கு, "புள்ளையா உண்டாகப் போகுது?" என்று அவன் கேட்க இருவரும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு... மனைவியின் மேல் உள்ள ஆசை நடிப்பா என்றால் இல்லை, கடைக்காரன் மேல் உள்ளதும் நடிப்பில்லை, இரண்டும் ஒரே உடம்பில் சண்டையின்றித்தான் இருந்தன, இந்த ஆண்டு முகாமுக்குப் பின் இரத்த வங்கியிலிருந்து தொலைபேசி மணி அடிக்கும்வரை.

"வெளியில பொம்பளைங்க தொடர்பு உண்டா சார்?" என்று ஆலோசகர் கேட்டபோது "சத்தியமா இல்ல மேடம்" என்றான், பொய்யே சொல்லாமல் தப்பித்ததில் ஒரு கணம் நிம்மதிகூட வந்தது, எவ்வளவு கேவலம். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் நெடுநாள் நலமாக இருக்கலாம் என்றார், அது காதில் ஏறவில்லை, அடுத்தது ஏறியது. "சம்சாரம் அஞ்சாம் மாசம்னீங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு இருந்தாலும் இப்பவே ஆரம்பிச்சா குழந்தைக்கு வராம பாத்துக்கலாம். தள்ளிப் போடாதீங்க." நாளைக்கே. என்னவென்று சொல்லி அழைப்பது? சத்துக்குறைவு என்றா? இங்கே வந்து உட்கார்ந்ததும் தெரிந்துவிடுமே... சொல்லிவிடுவது, ஆம், ஒரே மூச்சில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து அவளை அழைத்தான்.

"எங்கங்க இருக்கீங்க? குரல் கெணத்துக்குள்ளேருந்து வருது?"

"ஆஸ்பத்திரில. நாளைக்கு நீயும் வரணும். ஒரு ரத்த டெஸ்ட்."

"எனக்கு எதுக்கு?" லிஃப்ட் கதவு மறுபடியும் முனகிக்கொண்டு மூடியது. "என்னங்க, பேச்சையே காணோம்? எவகிட்டயாவது போய் மாட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

ஆமா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எவ்வளவு எளிதாக, அதுதான் ஒப்புதல் என்பதுபோல... எவள் என்று கேட்பாளே, அழுவாளே, ஒருநாள் மன்னிக்கவும் செய்வாளே, என்று எண்ணியபடி உலகில் இல்லாத அந்த ஒருத்திக்கு ஒரு முகத்தையும் ஒரு தெருவையும் தன் மனம் தேடிக்கொண்டிருப்பதை அவன் அப்போதுதான் கண்டான்.

"ஏங்க..." என்றாள் மனைவி. சிரிப்பு நின்றிருந்தது.