டாங்கிள் யார் பங்கு?

அண்ணன்கள் இருவரும் எம்பிராய்டரி டிசைன் கடையைப் பாகம் பிரித்தபோது கம்ப்யூட்டர்களை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். மேஜை, நாற்காலி, மின்விசிறிகூடப் பிரிந்தன. எனக்கு ஒன்றும் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு என்றார்கள். அத்தனை கம்ப்யூட்டர்களையும் இத்தனை வருஷம் கட்டி மேய்த்தவள் நான். வைரஸ் வந்தாலும் என் பெயர்தான், எலி ஒயரைக் கடித்தாலும் என் பெயர்தான்.

பிரிக்க மறந்தது ஒன்றே ஒன்று. டிசைன் போடும் சாஃப்ட்வேரை யாரும் காப்பியடிக்காமல் இருக்க, விற்ற கம்பெனி ஒரு டாங்கிள் கொடுத்திருந்தது. கட்டைவிரல் அளவுதான். அதை ஒரு கம்ப்யூட்டரில் செருகினால்தான் கடையில் மற்ற எல்லாவற்றிலும் சாஃப்ட்வேர் திறக்கும். இப்போது கடை இரண்டு, டாங்கிள் ஒன்று.

ஒருவரிடம் கொடுத்தால் மற்றவர் குதிப்பார். அதனால் அது என் கைப்பையில் குடியிருந்தது. காலையில் பெரிய அண்ணன் கடை, மதியம் சின்ன அண்ணன் கடை. இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திட்டுவதைக்கூட என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்கள்.

அலைந்து அலுத்துப்போய் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எனக்கும் ஏதாவது ஒரு பங்கு போடுங்கண்ணா. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

"கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது?" என்றார் பெரிய அண்ணன். மதியம் சின்ன அண்ணனும் அதையே கேட்டார், கொஞ்சம் சத்தமாக.

மறுநாள் டாங்கிளோடு வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். மதியத்துக்குள் இறங்கி வருவார்கள் என்று நம்பினேன். போன்கூட வரவில்லை. சாயங்காலம் பெரிய அண்ணிதான் கூப்பிட்டாள்.

"விஷயம் தெரியுமா? உங்க அண்ணனுங்க ராசியாயிட்டாங்க. யாரோ ஒருத்தனைப் புடிச்சு, ரெண்டு கடையிலயும் திருட்டு காப்பி போட்டுட்டாங்க. செலவு ஆளுக்குப் பாதியாம். ஒண்ணா உக்காந்து டீ குடிக்கிறாங்க."

தங்கைக்குப் பங்கு கொடுப்பதைவிடத் திருடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்த டாங்கிளை என்ன செய்வதென்று தெரியாமல் பழைய பேனாக்களோடு போட்டு வைத்தேன்.

சில நாள் கழித்துப் பெரிய அண்ணனிடமிருந்து போன்.

"வைரஸ் புகுந்து எல்லா கம்ப்யூட்டரும் இருட்டாயிடுச்சும்மா. தம்பி கடையிலயும் அதே கதைதான். காப்பி போட்டவன் போனே எடுக்கல. கொஞ்சம் வந்து பாரேன்."

"என் பங்கு எவ்வளவுண்ணா?"

"கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது?"

சின்ன அண்ணன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். போனை வாங்கி அவரும் அதையே கேட்டார், கொஞ்சம் சத்தமாக.