சுரங்கத்தில் வெட்டிய தூரம்

ஆய்வுக்கூடத்துச் சுரங்கத்தில் இருந்த லேசர் இயந்திரத்தின் நீளத்தில் இருநூறு மீட்டரை அவள் வெட்டிய அன்று, வீட்டில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருநூறு மீட்டர் கூடிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அதே இரண்டாம் மாடி, அதே ஜன்னல். உள்ளே நடைவழிதான் முடிகிற பாடாக இல்லை. கடைசி அறையில் கணவன் படுத்துக் கிடந்தான். நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “எல்லாரும் ஆபீஸ் வேலையைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவாங்க. நீங்க சுரங்கத்தையே கொண்டு வந்துட்டீங்களே அண்ணி!”

எலெக்ட்ரான்களை விரட்டி, காந்த வரிசைக்கு நடுவே நெளியவிட்டு எக்ஸ்ரே ஒளி எடுக்கும் இயந்திரம் அது. கணவனின் தசைகளை உருக்கிக்கொண்டிருந்த புரதத்தை அந்த ஒளியில் படம் பிடித்துவிட்டால் மருந்து செய்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். ஆனால் சதையைக் கிள்ளியெடுத்த சூட்டோடு பிடிக்க வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடப்பதை எந்த ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைப்பது? அதனால் வெட்டினாள். காந்தங்களைக் குட்டியாக்கி நெருக்கி வைத்தாள். எலெக்ட்ரான்களுக்குக் குறைந்த ஆற்றலே போதுமென்றாகி, சுரங்கத்தில் பாதி போனது. பிறகு வாயுவுக்குள் அலை எழுப்பி, அதன் முதுகில் எலெக்ட்ரான்களை ஏற்றினாள். மிச்சத்திலும் பெரும்பகுதி போனது. போனதெல்லாம் நடைவழியில் சேர்ந்தது. நாத்தனார் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோக சைக்கிள் வாங்கினாள். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்து, வழியில் நாலு விளக்கு போட்டுவிட்டுப் போனார்கள்.

குட்டி இயந்திரத்தில் எலெக்ட்ரான்கள் முன்னும் பின்னுமாக வந்தன, ஒளி சேரவில்லை. அவற்றை ஒரே தாளத்துக்குக் கொண்டுவரவே வருஷங்கள் ஓடின. அவள் ஆய்வுக்கூடத்திலேயே படுத்துக்கொண்டாள். கடைசியில் இயந்திரம் ஆஸ்பத்திரி அறையைவிடப் பத்து மீட்டர்தான் நீளம். உதவிப் பொறியாளன் தயங்கினான். “மேடம், இத்தோட நிறுத்திக்கலாமே? வெட்டினதைத் திருப்பிச் சேர்த்தா வீடும் பழையபடி ஆயிடுமில்ல?”

அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

“சேர்த்துராத,” என்றான் அவன், மூச்சுக்கு நடுவே. “உன் சமையலுக்கு இந்தத் தூரமே கம்மி.” இருமி முடித்துத் தொடர்ந்தான். “என்னை மாதிரி எத்தனை பேரு படுத்திருக்காங்க. வெட்டு.”

வெட்டினாள். ஒளி வந்தது, ஊசிமுனையாய், சுத்தமாய். ஸ்ட்ரெச்சர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். நடைவழி நெடுக ஓடினாள். தூரத்தில் கதவு திறந்திருந்தது. “அண்ணி, சீக்கிரம்!” என்று நாத்தனார் கத்தினாள். கட்டிலிலிருந்து அவன் கை லேசாக உயர்ந்தது தெரிந்தது. பிறகு இறங்கியது, மறுபடி எழவில்லை. அப்போது அவளுக்கும் அவனுக்கும் நடுவே இருந்தது பத்து மீட்டர்.

இன்று அந்த இயந்திரம் பல ஆஸ்பத்திரிகளில் ஒற்றை அறைக்குள் நிற்கிறது. அந்த நோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. படுத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். வீடு மட்டும் குறையவில்லை. மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் நடைப்பயிற்சிக்கு அங்கேதான் வருகிறார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே காபி போடப் போய்விடுவாள். விளக்குகளைத் தாண்டி, விலைவாசி பேசிக்கொண்டு, கைவீசி நடப்பார்கள். கடைசிப் பத்து மீட்டர் வந்ததும் பேச்சை நிறுத்தி, திரும்பிவிடுவார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.