மொட்டையும் சேர்த்துக் கிள்ளியவர்

1

இந்தக் கதை என் மாமனாரிடமிருந்து களவாடியது. கோடை முடியப்போகிறது, வாடும் பூக்களைப் பற்றி உருக்கமாக ஏதாவது எழுதுங்கள் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். இப்படித் தொடங்கினேன்:

உதிரும் ஒவ்வோர் இதழிலும் காலம் தன் கையெழுத்தை...

(காலத்துக்கு வேறு வேலையே இல்லையா? அடித்துவிட்டேன்.)

அப்போது தோட்டத்திலிருந்து என் மனைவியின் அலறல் கேட்டது. பேனாவை மூடிவிட்டு ஓடினேன்.

2

மாமனார் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, மாமியார் அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வேண்டும். தோட்டம் மாமியாருடையது, அதில் அவருடைய உயிர் டே லில்லிச் செடிகள். காலையில் விரிகிற பூ, மறுநாள் நனைந்த காகிதம் போலச் சுருண்டு தண்டிலேயே தொங்கும். கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மாமனார் அதுவரை தோட்டத்தை ஜன்னல் வழியாக மட்டுமே மேற்பார்வை செய்தவர்.

மாமியார் போனில் சொல்லியிருந்தார்:

"வாடினதை மட்டும் கிள்ளிடுங்க. கடைசி மொட்டுங்க நிக்குது. இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். வந்து பாக்கணும்."

"வாடினது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியாது. வாடிய பூவும் மூடியிருக்கும், மொட்டும் மூடியிருக்கும். தொட்டால் ஒன்று கொழகொழவென்றிருக்கும், மற்றது கெட்டியாக. தணிக்கைத் துறையில் தொட்டுப் பார்க்கும் வழக்கமில்லை. மூடியிருப்பதெல்லாம் ஆட்சேபணைக்குரியது.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். விறைப்பான மாமனார் எந்தக் கதையில்தான் இல்லை? ஆனால் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தளிரும் மிதிபடாமல், நுனிக்காலில் நின்று கிள்ளினார். அதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அந்த அளவுக்குத் திறமை போதாது.)

3

"அப்பா! இதெல்லாம் மொட்டுப்பா!" மனைவி அவர் கிள்ளிப்போட்ட வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

"மூடியிருந்துச்சேம்மா."

"மொட்டுன்னா மூடித்தான் இருக்கும்!"

மாமனார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். கெட்டியாக இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ வந்து கேட்டா என்ன சொல்லுவேன்? மாப்பிள்ளை, நீங்கதான் கதை எழுதுறவராச்சே. ஏதாவது சொல்லுங்க."

ஆடு மேய்ந்துவிட்டது என்றேன். ஆடு எங்கே என்றார். அணில் என்றேன். அணில் இத்தனை ஒழுங்காகக் கிள்ளுமா என்றார். ஆலங்கட்டி மழை என்றதும் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தார். இத்தனை வருட எழுத்தில் இப்படிப்பட்ட விமர்சகர் எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு வாளியிலிருந்து மொட்டுகளைப் பொறுக்கினார். சமையலறையில் இருந்த டம்ளர்களெல்லாம் தண்ணீரும் மொட்டுமாகச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன.

4

முடிவுகள் கைவசம் உண்டு.

(அ) மாமியார் நுழைந்ததும் மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விரிகின்றன. ஆசிரியருக்குப் பிடிக்கும்.

(ஆ) ஒன்றும் விரிவதில்லை. மாமனார் மௌனமாக ஜன்னலைச் சாத்துகிறார். பரிசுக் குழுவுக்குப் பிடிக்கும்.

நடந்தது வேறு. மாமியார் வாக்கரை ஊன்றி உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"நான்தான். தெரியாம மொட்டையும் கிள்ளிட்டேன்." ஆட்டையும் அணிலையும் அவர் இழுக்கவில்லை.

மாமியார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளரை அருகே இழுத்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, எனக்குன்னு இப்பத்தான் பூ எடுத்து வெச்சிருக்கீங்க," என்றார். "அதுவும் விரியாத பூ."

"விரியுமா?"

"யாருக்குத் தெரியும்? உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ கேட்டார், மாமியார் சிரித்தார். நான் அங்கே நின்றால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அதனால் வெளியே வந்துவிட்டேன். பூ விரிவதும் விரியாததும் இனி உங்கள் பாடு, வாசகரே. அவசரப்படுத்தாமல் எழுதுங்கள்; அவர்கள் பேசி முடிக்கட்டும்.