சைக்கிள் டியூப் நாக்கு

மயில்சாமியின் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு நடுவே காப்புரிமைச் சான்றிதழ் மாட்டியிருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே அதைக் காட்டிவிடுவார். காட்டுமளவுக்கு விஷயமும் இருந்தது. கோழிக் கூண்டிலிருந்து உருண்டு வரும் முட்டைகள் முன்தட்டில் ஒன்றோடொன்று மோதி விரிசல் விடும். மயில்சாமி பழைய சைக்கிள் டியூபை நாக்கு மாதிரி வெட்டிக் கூண்டு வாசலில் தொங்கவிட்டார். முட்டை நிதானமாக உருண்டது. விரிசல் பாதியாகக் குறைந்தது.

அதே நாக்கு இப்போது பக்கத்துப் பண்ணை பெரியசாமியின் கூண்டுகளிலும் தொங்கியது. மயில்சாமிக்கு வயிறு எரிந்தது. இருபத்தைந்து வருடம் கோழி வளர்த்ததில் ‘இது என்னுது’ என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது இந்த ஒன்றுதான். வழக்குப் போட சேலத்திலிருந்து வக்கீல் சத்யபிரியாவை வரவழைத்தார்.

“கேஸ் போட்டா, உங்க காப்புரிமையே செல்லாதுன்னு அவர் சொல்லுவார். அதனால ரெண்டு விஷயம் பார்க்கணும்,” என்றார் சத்யபிரியா. “தொழில் தெரிஞ்ச யாருக்கும் சுலபமா தோணியிருக்குமா? நீங்க விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே எங்கயாவது வெளிய வந்திருக்கா?”

“எவனுக்குத் தோணும் அம்மணி? வாங்க, அவனையே கேட்டுப்போடலாம்,” என்று முன்னால் நடந்தார் மயில்சாமி.

பெரியசாமி ஒளிவுமறைவு தெரியாத மனுஷன். “எங்களுக்கெங்கீங்க தோணுச்சு? இருவது வருசமா ஒடைஞ்ச முட்டைய ஆம்லெட் போட்டுத் தின்னுட்டுக் கெடந்தோம். மூளைன்னா அண்ணனுக்குத்தானுங்க.”

மயில்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். ஒரு கேள்வி ஜெயித்தாயிற்று.

“அப்ப நீங்க எதைப் பார்த்துச் செஞ்சீங்க?” என்றார் சத்யபிரியா.

“அதைத்தானுங்க,” என்று பெரியசாமி களத்தைக் காட்டினார்.

மக்காச்சோளக் குவியலை மூடிக் கிடந்தது ஒரு பிளக்ஸ். மயில்சாமியின் மகள் தனப்பிரியாவின் கல்யாண பிளக்ஸ். ஊரார் பிளக்ஸில் தலைவர்கள் படம் போடுவார்கள். மயில்சாமியோ மூலையில் தன் படத்தையும், அதைவிடப் பெரிதாக டியூப் நாக்கையும், அளவு காட்டும் அம்புக்குறிகளோடு போட்டிருந்தார். வேண்டாம் என்று மனைவி வசந்தாமணி தலைப்பாடாக அடித்துக்கொண்டது வீண். கல்யாணம் முடிந்ததும் சோளம் மூடிக்கொள்ளட்டும் என்று பிளக்ஸைப் பெரியசாமிக்குக் கொடுத்தவரும் இவரேதான்.

சத்யபிரியா தேதியைப் படித்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கல்யாணம் தை மாசம். நீங்க விண்ணப்பிச்சது ஆவணி. யோசனை அருமைங்க, ஆனா அன்னிக்கே அது புதுசில்ல. ஆபீசுக்குச் சொல்றதுக்கு ஏழு மாசம் முன்னாடியே ஊருக்குச் சொல்லிட்டீங்க. கேஸ் போட்டா காப்புரிமையே போயிடும்.”

“மண்டபத்து வாசல்ல நின்ன பிளக்ஸு அம்மணி! பந்திக்கு ஓடற அவசரத்துல அதை எவன் பாத்தான்?” என்றார் மயில்சாமி. ஒருத்தரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அன்றிலிருந்து அவருக்கு மனக்குறை.

“நான் பாத்தனுங்கண்ணா,” என்றார் பெரியசாமி. “பந்தியில எடங் கெடைக்காம அரை மணி நேரம் அதும் முன்னாலதான் நின்னேன். போன மாசம் புதுக் கூண்டு போட்டப்ப, அதையே விரிச்சு வெச்சுத்தான் டியூபை வெட்டினேன்.”

சான்றிதழ் இனி சாமி படங்களுக்குத் துணைதான் என்று மயில்சாமிக்குப் புரிந்தது. பெரியசாமியைத் திட்டத்தான் வாயைத் திறந்தார்.

“அளவெல்லாம் தெளிவாத் தெரிஞ்சுதா?” என்று கேட்டார்.