பிறந்தநாளுக்கு வாங்கிய ஆயில்

மடக்கு நாற்காலிகளை எடுக்கப் போன இடத்தில்தான் குன்வோர் அந்த டப்பாவைப் பார்த்தாள்.

தம்பியின் கராஜ் அது. நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. சொட்டு விழாமல் இருக்க அவன் விரித்து வைத்த அட்டை மட்டும் கிடந்தது. சாவு விருந்துக்கு மாதா கோயில் கூடத்தில் நாற்காலி போதாது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியவளின் கண் மேல்தட்டில் பட்டது. நாலு லிட்டர் டப்பா. கைப்பிடியில் நீல ரிப்பன் இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் குலுங்கியது.

நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு லேபிளைப் படித்தாள். கார் ஆயில். பெட்ரோல் மிச்சமாகும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

குன்வோரும் இளம் வயதிலிருந்தே பைக் ஓட்டுகிறவள்தான். அந்த மாதிரி ஆயிலில் வழுவழுப்புக்கென்று ஏதோ சேர்ப்பார்கள்; காருக்கு நல்லது. தம்பி இவார் வைத்திருந்தது போன்ற பைக்கில் கிளட்ச் தகடுகளும் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கும். வழுவழுப்பு கூடினால் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்காது. இன்ஜின் கத்தும், வண்டி போகாது. பைக் ஆயில் டப்பாவில் இதற்கென்றே தனியாக ஒரு குறி போட்டிருப்பார்கள். இந்த டப்பாவை மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்தாள். குறி இல்லை.

போன வாரம் ஆற்றோரச் சாலையில் ஒரு மர லாரியை முந்தப் போன இவார், எதிரே வந்த வேனுக்கு ஒதுங்க இடமில்லாமல் கம்பித் தடுப்பில் மோதி அங்கேயே செத்துப்போனான். அவசரப்பட்டுவிட்டான் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். இவார் அவசரப்படுகிறவன் இல்லை.

ரிப்பனைக் கட்டியது யார் என்று குன்வோர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பி மனைவி ராக்னி எதை வாங்கினாலும் தள்ளுபடியில்தான் வாங்குவாள். அம்மா செத்த மாதமே அம்மாவின் வர்ணம் பூசிய அலமாரியை விற்றவள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வானிலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு குன்வோர் நேராகச் சமையலறைக்கு நடந்தாள். ஜன்னல் வழியே ராக்னி தெரிந்தாள். கறுப்பு உடையில், கூடத்து மேஜைக்கான வெள்ளைத் துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள்.

மண் போட்டபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று குன்வோர் டப்பாவைத் தன் கார் டிக்கியில் வைத்து மூடினாள்.

பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. ஈரப் புல்லில் யார் காலும் யார் காலோடும் சேரவில்லை. பாதிரியார் மூன்று முறை மண்ணைத் தள்ளினார். உருகின பனியால் பெருகிக் கீழே ஓடிய ஆற்றின் இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

கூடத்தில் காபியும் இறால் வைத்த ரொட்டியும் கேக்கும் வைத்திருந்தார்கள். வாசலிலேயே நின்ற ஓர் ஆளை ராக்னி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். ஓஸ்முன் என்று பெயர். அந்த மர லாரியை ஓட்டியவர். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லையாம், பஸ்ஸில் வந்திருந்தார். தட்டில் வைத்த எதையும் அவர் தொடவில்லை. கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்ஜின் சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. வண்டி மட்டும் என் ஜன்னல் பக்கத்துலயே நின்ன மாதிரி இருந்துச்சு. முந்திப் போகட்டும்னு நான் பிரேக்கப் போட்டேன். பத்தலை."

ராக்னி நிமிர்ந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குன்வோரைப் பார்த்தாள். குன்வோர் எழுந்து காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தபோது ராக்னி வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும், குன்வோர். வண்டி விஷயம் உனக்குத்தான் தெரியும்."

குன்வோர் அடுத்த கோப்பையை எடுத்தாள்.

"அவன் பிறந்தநாளுக்கு நான் ஆயில் வாங்கிக் குடுத்தேன். கடையில ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கல. டப்பா மேல போட்டிருந்த நம்பரு அவன் எப்பவும் வாங்கறதுதான். அது சரியான ஆயில்தானே?"

இதற்காகத்தான் காலையிலிருந்து குன்வோர் காத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் ராக்னியே தொடர்ந்தாள்.

"சுத்தியிருந்த பேப்பரப் பிரிச்சிட்டு டப்பாவையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தான். சந்தோஷப்படறான்னு நெனச்சேன். அப்புறம் கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துட்டு, நான் பாக்கப் பாக்கவே கொண்டுபோய் ஊத்தினான்."

சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இவார் அக்காவுக்கு போன் பண்ணியிருந்தான். கிளட்ச் லேசாக வழுக்குகிறது, அடுத்த வாரம் பார்க்கணும் என்றான். என்ன ஆயில் ஊற்றினாய் என்று அவள் கேட்டாள். அவன் அதைச் சொல்லாமல், உருளைக்கிழங்கு நட்டாச்சா என்று கேட்டான்.

ஜாம் பாட்டிலைக்கூட லேபிள் படிக்காமல் திறக்கமாட்டான் இவார்.

தொட்டி நிரம்பி நீர் விளிம்பைத் தொட்டது. குன்வோர் குழாயை மூடினாள்.

"அவன்தானே ஊத்தினான்" என்றாள். "அவனுக்குத் தெரியாததா?"

"ஆமா." ராக்னி நீளமாக மூச்சுவிட்டாள். "அவனுக்குத் தெரியும்."

துணியை எடுத்து அவள் பக்கத்தில் நின்றாள். கழுவிய கோப்பைகளை குன்வோர் ஒவ்வொன்றாக நீட்ட, அவள் வாங்கித் துடைத்தாள். கடைசிக் கோப்பையைத் துடைத்து முடித்தபிறகு, ஓஸ்முனுக்குத் திரும்பிப்போக இனி பஸ் இல்லை, நீ கொண்டுபோய் விடுவாயா என்று கேட்டாள்.

ஆற்றோரச் சாலையைத் தவிர வேறு வழி கிடையாது. ஓஸ்முன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். வளைவு தாண்டியதும் தடுப்பில் புதிதாகப் பொருத்திய கம்பி தெரிந்தது. துருப்பிடித்த பழசுக்கு நடுவே அது மட்டும் பளபளத்தது.

அதற்கப்பால் சாண உரத் தொட்டியை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் முன்னால் போனது. ஆள் நடந்து போகிற வேகம்தான். சாலை கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேராக, காலியாகக் கிடந்தது.

"போகலாங்க" என்றார் ஓஸ்முன், சன்னமாக. "எதிர்ல யாருமில்ல."

குன்வோர் இரண்டாவது கியரிலேயே வைத்திருந்தாள். கண்ணாடியில் பின்னால் ஒரு கார் வந்து சேர்ந்தது, பிறகு இன்னொன்று, அதற்குப் பின் ஒரு பால் வண்டி. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. டிராக்டரின் சக்கரத்திலிருந்து சேறு கட்டி கட்டியாகச் சாலையில் விழுந்துகொண்டே வந்தது.