மூன்றெழுத்து ஆட்டம்

அருள்மொழிக்கு மண்டை உடைந்ததே தவிர வாய் குறையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே ஃபர்சானாவை வாட்ஸ்அப்பில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். ஒருத்தி மூன்று ஆங்கில எழுத்துகளை அனுப்புவாள். அந்த மூன்றும் அதே வரிசையில் ஒட்டி வருகிற சொற்களை இருவரும் மாறி மாறி அனுப்ப வேண்டும். சொல் கிடைக்காமல் முழிப்பவள் அவுட். அருள்மொழி இங்கிலீஷ் டீச்சர். ஃபர்சானா மரக்காணம் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருப்பவள். வருஷக்கணக்காக ஆடிவரும் இந்த ஆட்டத்தில் யார் தோற்றாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உப்பு லாரிக்கு ஒதுங்கப் போய் ஸ்கூட்டியோடு விழுந்தவள், தலைக்கட்டோடு படுத்துக்கொண்டே ஜி-எச்-டி என்று அனுப்பினாள். நைட், டாட்டர் என்று இரண்டு சொன்னதுமே ஃபர்சானா அவுட். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. தலை உடைந்தவளிடம் கூடவா தோற்பது? எழுத்துகளைப் போட்டால் அவை வருகிற சொற்களையெல்லாம் கொட்டும் ஒரு வெப்சைட்டை அன்றைக்கே தேடிப் பிடித்தாள். மறுநாள் ஜெயித்தாள். அதற்கடுத்த நாளும் ஜெயித்தாள். ருசி கண்டுவிட்டாள்.

அதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது. பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல், கல்லாவுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு திருட்டு ஆட்டம். உறுத்தத்தான் செய்தது. பெருநாளோடு விட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் நோன்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு அருள்மொழி வீட்டுக்குப் போனாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வேலைக்குத் திரும்பப் போவதில்லை என்று பிரின்சிபலுக்கு மெசேஜ் அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தாள் அருள்மொழி.

"டாக்டர் சரியாயிடுச்சுன்னுதான் சொல்றாரு. ஆனா உங்கிட்டயே தெனம் தோக்கறேன்டி. வார்த்தையே வரமாட்டேங்குது. புள்ளைங்க முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்?"

அந்த 'உங்கிட்டயே'வுக்கு வேறு நாளாயிருந்தால் ஃபர்சானா சண்டை பிடித்திருப்பாள். இன்றைக்கு அந்த வெப்சைட்தான் நினைவுக்கு வந்தது. வேலையை விடச் சொன்னான் என்பதற்காகப் புருஷன் ராஜவேலுவிடமே மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள் அருள்மொழி. அந்த வேலையைத் தன் அற்ப வீம்பு தின்றுவிடப் போகிறது என்று ஃபர்சானா பயந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வெப்சைட்டைத் திறந்தும் காட்டினாள். அருள்மொழி அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றே. நோன்பு வெச்சிக்கினு ஏமாத்துற ஆளா நீ?"

அல்லா மேல் ஆணை என்றாள் ஃபர்சானா. ஆணையெல்லாம் வேண்டாம் என்று அருள்மொழி அவள் வாயைப் பொத்தினாள். அப்படியானால் இப்போதே நேருக்கு நேர் ஆடலாம் என்று இரண்டு போனையும் எட்டத் தள்ளிவைத்தாள் ஃபர்சானா. எம்-பி-டி என்றாள் அருள்மொழி. எம்ப்டி, அட்டெம்ப்ட் வரை போனது. அதற்குமேல் ஃபர்சானாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அருள்மொழி கான்டெம்ப்ட், ப்ராம்ப்ட், எக்ஸெம்ப்ட் என்று மூச்சு விடாமல் அடுக்கினாள்.

"பாத்தியா, உனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் ஃபர்சானா.

"மூணு வார்த்த யாருக்கும் வரும். தோக்கற மாதிரி கூட நல்லாத்தான் நடிக்கிறே" என்று சிரித்துக்கொண்டே அருள்மொழி போனை எடுத்து, வேலைக்கு வரவில்லை என்ற அந்த மெசேஜைப் பிரின்சிபலுக்கு அனுப்பினாள். பிறகு ஃபர்சானாவின் தோளில் சாய்ந்து, "உன்ன மாதிரி ஒருத்தி யாருக்குடி கெடைப்பா?" என்றாள்.