பார்த்தால் முப்பத்தெட்டு

உலகத்தில் வேகமானி தேவைப்படாத மனிதன் ஒருவன்தான் உண்டு. அது நான். என்ஜின் சத்தம் காதில் விழுந்தால் போதும், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று ஒரு கிலோமீட்டர் முன்னே பின்னே இல்லாமல் சொல்லிவிடுவேன். இதைக் கல்லூரி கேன்டீனில் பலமுறை அறிவித்திருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை. யாரும் கேட்டுக்கொண்டிருந்ததும் இல்லை.

என்னோடு படித்து, பாதியில் விட்டுவிட்டு மெக்கானிக் ஷாப் வைத்த நண்பன் ஒருவன் இருக்கிறான். எல்லோருக்கும் அவன் சாக்பீஸ். எந்தப் பல்சக்கரத்தைத் தொட்டாலும் முதல் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவான். கோட்டுக்கே திரும்பி வந்ததும் மறுபடி எண்ணுவான். "எல்கேஜி பாஸாயிட்டியா, இல்ல இந்த வருஷமும் அரியரா?" என்று கேட்பேன். வேறு பேச்சுப் பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்பதால் பதில் சொல்ல மாட்டான்.

இரண்டு மாதம் முன்பு அக்கா காய்ச்சலில் படுத்திருந்த வாரம், அவளுடைய வண்டியின் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைக் கழற்றி, சின்னதாக ஒன்றைப் போட்டேன். என்ஜின் அதே சுற்றில் ஓடினாலும் வண்டி கூடுதலாகப் பறக்கும். பழைய சாமான் கடைக் குவியலில் கண்ணால் அளந்து எடுத்ததுதான். செயினையும் அதற்கேற்ப வெட்டியாயிற்று. காய்ச்சல்காரியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லவில்லை. காய்ச்சல் போன பிறகும் அந்த நல்லெண்ணம் தொடர்ந்தது.

ஒரு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அந்த வண்டியில் மீட்டருக்குச் சேதி சொல்லும் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கிறது. பின்சக்கரத்தில் நடந்த கூத்து அதற்குத் தெரியாது. வண்டி அறுபதைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். மீட்டர் அறுபதுதான் என்று சத்தியம் செய்யும்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்த மாதிரிகளை லேபுக்குக் கொண்டுபோகும் வேலை. பாலத்தில் வேகத்தைப் பிடிக்கும் கேமரா, அறுபதைத் தாண்டியதாக அவள் பேருக்கு இரண்டு கடிதம் அனுப்பியிருந்தது. மூன்றாவது வந்தால் ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவளுக்கு லேபில் வேலையும் கிடையாது.

"நான் அறுபதைத் தாண்டவே இல்ல. கேமராதான் தப்பு," என்றாள் இன்று காலை, ஷூ மாட்டிக்கொண்டே. "எழுதிப் போட்டிருந்தேன். பத்து மணிக்கு வண்டிய டெஸ்ட் பண்றாங்க. என் புகார் பொய்யின்னு ஆச்சுன்னா அதுவே மூணாவதாம். ஆகட்டும், பார்த்துடலாம்."

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்க்கா."

"அடடே, உனக்குக்கூடப் பொறுப்பு வந்துடுச்சே," என்று சாவியைக் கொடுத்தாள்.

சாக்பீஸ் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். கதையைக் கேட்டுவிட்டுத் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தான்.

"சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவுல இது. எத்தனை சதவீதம் தப்போ அதை அமுக்கினா மீட்டர் உண்மையச் சொல்லும். பல் எத்தனை?"

"பழசு நாப்பத்திரண்டு, அதுலயே அடிச்சிருந்துது. புதுசு முப்பத்தெட்டு."

"எண்ணினியா?"

"பார்த்தாலே தெரியுதுடா."

பெருமூச்சு விட்டபடி சீட்டுக்கு அடியில் பெட்டியைப் பொருத்தினான். எண்ணை மட்டும் சைபரிலேயே விட்டான்.

"நம்பரப் போடுடா. நேரமாகுது."

"மாட்டேன். இப்பவே சரி பண்ணி அனுப்பினா மீட்டரும் சரி, கேமராவும் சரி. அப்ப பொய் யாரு?"

யோசித்தேன். மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான்.

"முதல்ல வாயத் தொறந்து சொல்லு. அப்புறம் அமுக்கு," என்று என் சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டைப் போட்டான்.

அக்காவின் பின்னால் உட்கார்ந்து போனேன். சொல்வதற்குத் தோதான இடம் வழியில் ஒன்றுகூட வரவில்லை.

சோதனைத் திடலில் நீளமாக ஒரு தார்ப்பாதை. அதன் முடிவில் வேகத்தை அளக்கும் துப்பாக்கியோடு ஒரு பெண் இன்ஸ்பெக்டர். மீட்டரில் அறுபது வந்ததும் இடது கையைத் தூக்கச் சொன்னார். அக்கா கிளம்பினாள். கை உயர்ந்தது. என் காதுக்கும் அது அறுபதாகத்தான் கேட்டது.

"எழுபது," என்றார் இன்ஸ்பெக்டர். "கேமரா சரி, மீட்டர்தான் கம்மியாக் காட்டுது. வண்டில எதையாவது மாத்தினீங்களா?"

"ஆறு வருஷமா நான்தான் ஓட்டறேன் மேடம். ஒரு ஸ்க்ரூகூட மாத்தல." அக்கா தலை நிமிர்ந்து சொன்னாள். அவ்வளவு நிமிர்ந்திருக்க வேண்டாம்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"நான் மாத்தினேன்," என்றேன். "பின்னாடி பல்சக்கரம். அக்காவுக்குத் தெரியாது."

"எப்போ?" என்றாள் அக்கா.

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப."

திட்டியிருந்தால் தேவலை. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அக்காவக் காப்பாத்தறதுக்குச் சொல்றியோ என்னவோ," என்றார் இன்ஸ்பெக்டர். "சரி பண்ணிக் காட்டு. மீட்டர் சரியா வந்தா ரெண்டு லெட்டரும் உன் பேருக்கு மாறும். ஒரே ஓட்டம்தான். வரலேன்னா இவங்க பேர்ல மூணு. எத்தனை பல்?"

"பார்த்தா முப்பத்தெட்டு, மேடம்."

"பார்த்தாவா?"

"டேய்," என்றாள் அக்கா, மெதுவாக. "என் வேலைடா."

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மண்ணில் மண்டியிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து முதல் பல்லில் கோடு போட்டேன். சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி எண்ணினேன். முப்பத்தாறு. என் கண் என்னைக் கைவிட்டதே இல்லை என்பதால் மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு. நாற்பத்திரண்டை முப்பத்தாறால் வகுத்து, ஒன்றுக்கு மேல் வந்ததைச் சதவீதமாக்கி, பெட்டியில் பதினாறு புள்ளி ஏழு என்று அமுக்கினேன். முப்பத்தெட்டை நம்பியிருந்தால் பத்தரை போட்டிருப்பேன்.

அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள். இந்த முறை நான் காதைப் பொத்திக்கொண்டேன். கை உயர்ந்தது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியின் திரையைத் தேவைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபது."

படிவத்தை என்னிடம் நீட்டினார். என் பெயர், லைசென்ஸ் எண், கீழே பல்சக்கரத்தின் பற்கள் எத்தனை என்று ஒரு கட்டம். முப்பத்தாறு என்று எழுதினேன். கையெழுத்துப் போடப் போன பேனா நின்றது.

"சீக்கிரம் போடுடா, லேபுக்கு நேரமாச்சு," என்றாள் அக்கா.

பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மறுபடி மண்டியிட்டேன். கோடு அழிந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று போட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"இன்னும் என்னடா எண்ணறே?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் விட்டுப்போகும்.